என் மகனின் வலது காது

1

கனடாவுக்கு வந்து இந்தத் தை மாதத்தோடு எட்டு வருஷம் முடிந்தது. இந்த எட்டு வருஷத்தில் நான் அதிகம் பேசியதில்லை. பேசாதவள் பொய்யும் அதிகம் சொல்ல முடியாது. சொன்னது ஒன்றே ஒன்று. அதை ஒரு பல்கலைக்கழகத்தில் வைத்து, படித்த பெண் ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது ராசிங்காபுரம். வாழ்ந்தது போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் வீடுகளில் ஒன்றில். வீட்டுக்காரர் போனபிறகு போடியில் இருந்தேன். படிப்பு ஐந்தாவது வரை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனாலும் தாளில் எழுதுவது எனக்குச் சுலபம். யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

இங்கே மகள் ஜோதி வீட்டில் இருக்கிறேன். மருமகன் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். அழைப்பு மணி அடித்தால் நான் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'சாரி' ஒன்றுதான். பஸ்ஸில் இடம் விட்டவர்களுக்கும் சாரி, சிரித்தவர்களுக்கும் சாரி. "அந்த ஒரு வார்த்தைய வச்சே ஊரை வித்து வாங்கிருவம்மா நீ" என்று ஜோதி சிரிப்பாள்.

அவள் சிரித்த காலம் அது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கிழவிகள் எல்லாம் அவள் கையால் குளிக்கத்தான் காத்திருப்பார்களாம். ஆனால் வேலை முடிந்ததும் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யாருக்கு எந்த மருந்து என்று எழுதிவைத்துவிட்டு வரவேண்டும். அந்த எழுத்தில்தான் தப்பு வந்தது. மேலாளர் இரண்டு தடவை எச்சரித்தாள். உதவி நர்ஸ் படிப்பு முடித்தால்தான் வேலை நிலைக்கும். செய்து காட்டும் பரீட்சையில் முதல் ஆளாக வருகிறவள், எழுத்துப் பரீட்சையில் மூன்று தடவை தவறினாள். நாலாவது தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

வகுப்பு டீச்சர்தான் சந்தேகப்பட்டு அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். எழுத்தும் வாசிப்பும் சிலருக்கு ஏன் பிடிபடுவதில்லை என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறார்களாம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரும் வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. இங்கே மூத்தவர் என்றால் நான்தான்.

2

ஜோதியைச் சின்ன அறையில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைக்கிற மாதிரி இரண்டு பேர் பின்னால் நின்று, மயிரை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவிக் கம்பிகளை ஒட்டினார்கள். முன்னால் ஒரு ஊமைப்படம் ஓடியது. காதுக்குள் மட்டும் டா, டா, டா என்று ஒரே சத்தம், நூற்றுக்கணக்கான தடவை. அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லையாம், மூளையே பதில் சொல்லிவிடுமாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து திரையில் கோடு நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஆராய்ச்சிக்காரப் பெண் எங்களை உட்காரவைத்துப் பேசினாள். ஜோதி பசை ஒட்டிய தலையோடு இருந்தாள். எனக்காக ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"காது நல்ல காதம்மா, ஒரு பிழையும் இல்லை. சத்தம் காதுக்குள்ள போனாப் பிறகு மூளைக்குப் போற பாதை ஒண்டு இருக்கு. இவவுக்கு அந்தப் பாதையில சத்தம் ஒருக்காப் போன மாதிரி மற்றத்தரம் போகுதில்லை. ஒரு எழுத்தின்ர சத்தத்தையும் இன்னொரு எழுத்தின்ர சத்தத்தையும் டக்கெண்டு பிரிக்கக் கஷ்டம். வாசிக்கேலாமல் இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் எண்டு சொல்லுறா. எல்லாருக்கும் இதுதான் எண்டு இல்லையாம், இன்னும் தேடிக்கொண்டிருக்கினமாம்."

எட்டு வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நான் முதல்முதலாகக் கேள்வி கேட்டது அன்றுதான். "காதைச் சுத்தம் பண்ணி, மருந்து ஊத்தினா சரியாயிருமாங்க?"

அந்தப் பெண் தலையை ஆட்டி லேசாகச் சிரித்தாள். "காதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். காதில கை வைக்கவே தேவையில்லையாம் அம்மா" என்றது ஃபோன்.

என் கை இரண்டையும் மடியில் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"இது கனபேருக்கு மரபணுவால வாறது. வழிவழியா. ஒரே ஒரு மரபணு இல்லை, கனக்கச் சேர்ந்து செய்யிற வேலை. உங்கட குடும்பத்தில வாசிக்கக் கஷ்டப்பட்ட ஆக்கள் ஆரும் இருந்தவையோ?"

"இல்லைங்க" என்றேன்.

ஜோதி திரும்பிப் பார்த்தாள். "அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவனுக்கு வலது காது பொறவியிலேயே கேக்காதுங்க. அதனால படிப்பு வரல. அது வேற" என்றேன். அந்தப் பெண் பிறவி என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டாள்.

3

என் மகன் செல்லத்துரை ஜோதிக்குப் பத்து வயது மூத்தவன். சின்ன வயதில் லயத்து வாசலில் குந்தியிருப்பான். மூடுபனியில் எதிர்வீடே தெரியாது. அவன் மட்டும், "ஆத்தா, சுருளி மாமா ஜீப்பு ஏறுது. லோடு இல்ல, வெறும் வண்டியாத்தேன் வருது" என்பான். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டை ஊசி வளைவில் விளக்கு திரும்பும். சுருளி ஜீப்பாகத்தான் இருக்கும், வெறுமையாகத்தான் இருக்கும். "இந்தப் பயலுக்குப் பாம்புச் செவி" என்று லயத்துப் பெண்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு சாரு. கேரளத்துக்காரர், தமிழும் பேசுவார். அவர் வாயால் சொல்வதைப் பிள்ளைகள் சிலேட்டில் எழுத வேண்டும். மூன்றாவது வந்தும் செல்லத்துரை எழுதுவது வேறொன்றாகவே இருந்தது. சாரு அடித்துப் பார்த்தார், வெயிலில் நிறுத்திப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கங்காணி, இவனுக்குச் செவி மந்தம், கேட்டோ. சொல்றது உள்ள போனாத்தானே எழுதுவான்" என்றார்.

என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் பக்கம் முதல் உரிமை மாமனுக்குத்தான். தோட்டத்தில் கங்காணி. நாற்பது பெண்கள் வேலைக்கு வந்ததை நோட்டில் குறிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் நோட்டை என் பக்கம் தள்ளி, "கண்ணு மங்கலாத் தெரியுது, பேரை வாசி புள்ள" என்பார். அப்போது அவருக்கு முப்பது வயது. இரண்டு ஏக்கர் தள்ளி ஏலச்செடியில் பூச்சி விழுந்திருப்பதைப் பார்க்கிற கண். அது என்ன மங்கல் என்று நான் கேட்டதில்லை. அவர் மானம் என் வாயில் இருந்தது. மகன் சிலேட்டில் தப்பாக எழுதினால் மட்டும் மாட்டை அடிப்பது போல அடிப்பார்.

காது மந்தம் என்று சாரு சொன்ன அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. "மண்டையில கோளாறு இல்ல. காதுதேன். அழுக்கை எடுத்தாச் சரியாப் போகும்" என்றார். எனக்கும் சந்தோஷம். மண்டை மந்தம் என்றால் வம்சத்துக்கே பேச்சு வரும். காது என்றால் காட்டுவதற்கு ஆள் இருந்தார். மழைச் சத்தத்துக்கு நடுவில் ஜீப்பை அடையாளம் சொல்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்பதை நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஆசையாக நம்பினோம்.

அடுத்த சந்தைக்கு ஜீப்பில் போடிக்கு இறங்கினோம். சந்தைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில், காதுக் குறும்பி எடுக்கிறவர் ஊசியும் பஞ்சும் சீசாவும் வைத்து உட்கார்ந்திருப்பார். செல்லத்துரைக்குச் சேவு வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த ஆள் காதை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள கல்லா இறுகிக் கெடக்கு. எண்ணெய் காச்சி ஊத்தித்தேன் எடுக்கணும்" என்றார். எண்ணெயில் கறுப்பாக எதையோ போட்டார். என்னவென்று இன்றைக்கும் தெரியாது. நான் பிள்ளையின் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் ஊற்றிவிட்டு ஊசியை விட்டுத் துழாவினார். ரத்தம் வந்தது. "அழுக்கு ரத்தம், வரட்டும்" என்றார். பிள்ளை துடித்த துடிப்பில் இடது காதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அவனுக்கு ஒரு காதாவது மிஞ்சியது.

சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். எழுந்தபோது வலது காது போயிருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிறவி என்று சொன்னோம். அந்தத் தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் மாறினபோது அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது. ஜோதிக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தோம்.

ஜோதி பள்ளிக்கூடம் போனபோது அவளுக்கும் எழுத்து தடுமாறியது. நான் பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவள் பாடத்தை நானே திரும்பத் திரும்ப வாசிப்பேன். அவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவாள். தமிழ் அப்படிக் கைகொடுத்தது. இங்கிலீஷில் சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று, அதற்கு மனப்பாடம் போதவில்லை. புருஷனுக்கு வாசித்துக் காட்டினேன். மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு மட்டும் வாசித்துக் காட்டவில்லை. அவன் தலையைப் பிடிக்கத்தான் என் கை போயிற்று.

செல்லத்துரை இப்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கிறான். காய் பதமாகக் காய்ந்ததா என்று ஒரு பிடி அள்ளி இடது காது பக்கம் குலுக்கிப் பார்த்துச் சொல்லுவான். முதலாளி மெஷின் வாங்கியும் அவனைத்தான் கேட்பாராம். நான் போடியில் இருந்தபோது, வீட்டுக்கு வந்தால் எப்போதும் எனக்கு இடது பக்கமாகப் பார்த்து உட்காருவான். அதாவது அவனுடைய வலது காது என் பக்கம் இருக்கும். நான் பேசினால் பாதி கேட்காது. அது தற்செயல் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டேன்.

4

பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் ஜோதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கையில் இருந்த துண்டைக் கீழே வைக்கவில்லை. "அப்ப பொறவி இல்லையா?"

"இல்ல."

"எங்கிட்ட எத்தனை வருசமா..."

"ஒங்க அப்பா சொல்லக்கூடாதுன்னாரு."

"அப்பா செத்துப் பதினாலு வருசமாச்சும்மா." துண்டை மடித்து முடித்தாள். பிறகு குரலை உயர்த்தாமலேயே சொன்னாள். "எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கோளாறுதான். எனக்கு ஏசி ரூம்ல உக்கார வச்சுப் படம் போட்டுக் காட்டுறாங்க. அண்ணனுக்கு எண்ணெய் காச்சி ஊத்திட்டு வந்திருக்கீங்க."

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கூடப்பிறந்தவர் இருந்தால் அவருடைய எச்சிலும் ஆராய்ச்சிக்கு உதவும், விருப்பம் இருந்தால் தபாலில் ஒரு குழாய் அனுப்புவோம், கட்டாயம் இல்லை என்று. "அண்ணங்கிட்ட நான் எச்சிய மட்டும் கேக்குறேன். மத்தத நீயே சொல்லு" என்றாள் ஜோதி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டோம். இங்கே காலை, அங்கே சாயங்காலம். செல்லத்துரையின் பெண்டாட்டி முத்துலட்சுமி எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் அவன் இடது காதில் ஃபோனை வைத்தாள். ஜோதி எச்சில் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் சிரித்தான். "துப்புறதுக்குக் கடல் தாண்டி ஆள் கேக்குதா தாயி? இங்கிட்டு துப்பினா வையிறாய்ங்க."

"ஆராய்ச்சிக்குண்ணே."

"எம்மேல துப்பினவன்தேன் அதிகம். எந்துப்பலக் கேட்டது நீதேன் மொத ஆளு."

நான் ஃபோனை வாங்கினேன். "அப்பு, நாந்தேன்."

"சொல்லு ஆத்தா."

"உனக்குக் காதுல ஒரு கோளாறும் இல்லையாம்யா. அன்னிக்கே ஒண்ணும் இல்லையாம். காதுக்கு அங்கிட்டு, மூளைக்குப் போற வழியிலதேன் இருந்திருக்கு. ஜோதிக்கும் அதே. ஒங்க அப்பாவுக்கும் இருந்திருக்கும். நானும் அவரும் ஒரே வழி, எங்ககிட்டயிருந்துதேன் வந்திருக்கு. உன் மேல தப்பே இல்லய்யா."

உலர்த்தும் மெஷின் இரைவது மட்டும் கேட்டது.

"யாரு சொன்னது?" என்றான்.

"இங்க டாக்டரம்மா."

"டாக்டரம்மா எதுக்குச் சொல்லணும்? நாந்தேன் சொன்னேன்ல."

"என்னய்யா சொன்ன?"

"கேக்குதுன்னு. உன் மடியில கெடந்து சொன்னேன்ல. எனக்குக் கேக்குது ஆத்தா, எல்லாம் கேக்குதுன்னு. அங்கிட்டு ஒருத்தன் வெள்ளரிப்பிஞ்சு வித்துக்கிட்டிருந்தான். அவன் என்ன வெலை சொல்றான்னுகூடச் சொன்னேன்."

சொன்னான். மேலே சந்தையைப் பற்றி எழுதியபோது நான் அதை எழுதவில்லை. மறந்துபோனதால் இல்லை. அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. பயத்தில் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"அந்த எச்சிய வச்சுக் காது வருமா?" என்று கேட்டான்.

"வராதுய்யா."

"எழுத்து வருமா? எனக்கு அம்பத்தி நாலு."

நான் ஜோதியைப் பார்த்தேன்.

"அப்ப அது எதுக்கு? வேணாம். சூடு ஏறிப்போச்சுன்னா காய் கருகும். வையி ஆத்தா."

அவன் கோபமாகப் பேசியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். காய் கருகும் என்றுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு கூப்பிட்டுவிட்டேன். "அவுக ஸ்டோர்ல சோலியா இருக்காக அத்தே" என்கிறாள் முத்துலட்சுமி. பின்னால் அவன் இருமுவது கேட்கிறது.

5

ஜோதிக்கு வாசிப்பில் சிக்கல் உண்டு என்று பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. நாலாவது தடவை கூடுதல் நேரத்தோடு எழுதினாள். தவறிவிட்டாள். நேரம் இருந்தும் கேள்வித்தாள் அதே கேள்வித்தாள்தானே. அதே முதியோர் இல்லத்தில் இப்போது துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எழுத வேண்டியதில்லை. கிழவிகள் அவளைக் கேட்பதாக மற்றவர்கள் வந்து சொல்கிறார்களாம். என்னோடு இப்போது தேவைக்குத்தான் பேசுகிறாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள்.

போன வாரம் நானாகவே, முன்னால் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று சொல்லி, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஜோதி கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதே ஆராய்ச்சிக்காரப் பெண், ஃபோனில் அதே யாழ்ப்பாணத்துக் குரல்.

ஒரு பெரிய தாளில் எங்கள் வம்சத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டவள், அவர் என் அம்மாவின் தம்பி என்றதும் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டாள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடாம். அந்த இரண்டு கோட்டுக்கும் கீழே செல்லத்துரையின் சதுரம் தொங்கியது. கங்காணி நோட்டை நான் வாசித்ததையும் சொன்னேன். அவர் சதுரத்தில் பாதியைக் கறுப்பாக்கினாள், செத்தவருக்கு இருந்திருக்கலாம் என்று அர்த்தமாம்.

"மகனுக்குக் காது பொறவி இல்லைங்க" என்றேன். பிறவி என்ற இடத்தை அடித்தாள். வேறு என்ன காரணம் என்று கேட்டாள். மூன்று கட்டம் மிச்சம் இருந்தது. நோய், விபத்து, தெரியாது.

புளியமரத்தடியில் நடந்ததை முழுதும் சொன்னேன். அவன் கேக்குது கேக்குது என்று சொன்னதையும் சொன்னேன். ஃபோனில் இருந்த பெண் பாதியிலேயே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக இங்கிலீஷில் சொன்னாள். ஆராய்ச்சிக்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, விபத்து என்ற கட்டத்தில் குறித்தாள்.

"விபத்து இல்லைங்க. புடிச்சது நான்" என்றேன்.

"அப்பிடி ஒரு கட்டம் இல்லையம்மா" என்றது ஃபோன்.

"கீழ எழுத எடம் இருக்குல்ல?"

இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். "இடம் இருக்காம். ஆனா ஆர் பிடிச்சது எண்டது ஆராய்ச்சிக்குத் தேவையில்லையாம் அம்மா."

"அவனுக்கு வாசிக்க வராதுன்னாவது எழுதச் சொல்லுங்க."

"அவர் எச்சிலும் தரேல்லை, பரிசோதனைக்கும் வரேல்லை. பரிசோதிக்காத உயிரோட இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது எண்டுதான் போடுவினமாம்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். வலது காது, விபத்து. வாசிப்பு, தெரியாது. எந்த இடத்தில் என்று விரலால் காட்டினாள். அங்கே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.